பின் பொருந்தினால் போதுமா?
ரவுட்டர் அடாப்டர் வாங்கும் முன் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

நம் கடைகளில் தராசுக்கு அடுத்தபடியாக ஓய்வே இல்லாமல் வேலை செய்யும் பொருள் எது? கல்லாவுக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கும் இன்டர்நெட் ரவுட்டர்தான். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2018-ல் இ-வே பில் வந்தது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர்களுக்கு இ-இன்வாய்ஸும் கட்டாயமானது. இன்று அந்தச் சிறு பெட்டி அணைந்து போனால், பில் போட வழியின்றி, லாரியில் ஏற்றிய சரக்கு வாசலிலேயே நிற்கிறது. திருப்பருத்திக்குன்றத்தில் நெசவு வீடுகளுக்கும் இதே கதைதான். சேலையின் டிசைன் படம் முதல் கூலிக் கணக்கு வரை எல்லாம் அதன் வழியாகத்தான் வந்து போகிறது.

ரவுட்டர் அணைந்தால் உடனே புதுப் பெட்டி வாங்க ஓட வேண்டாம். பல நேரங்களில் கெட்டுப் போயிருப்பது பெட்டி அல்ல, அதற்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடியோடு கூடிய மழை பெய்து கரண்ட் போய்ப் போய் வரும்போது, முதலில் அடி வாங்குவதும் அதுதான். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. ஆனால் அதை வாங்கும் விதத்தில்தான் பலர் தவறி விடுகிறார்கள்.

ஊருக்கு ஒரு படி

எங்கள் தகப்பனார் காலத்தில் ஊருக்கு ஒரு படி, சந்தைக்கு ஒரு வீசை என்று இருந்தது. 1956-ல் நிறை, அளவுச் சட்டம் வந்த பிறகுதான் படிப்படியாக நாடு முழுவதும் கிலோவும் லிட்டரும் நிலைத்தன. அடாப்டர் உலகம் இன்னும் அந்தப் பழைய படிக் காலத்திலேயே இருக்கிறது. மோடம், ரவுட்டர் போன்ற கருவிகளுக்குப் பொதுவான அடாப்டர் வேண்டும் என்று சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2012-லேயே ஒரு பரிந்துரை வெளியிட்டது. அது பரிந்துரைதான், கட்டாயமல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசிகளுக்கு ஒரே வகை சார்ஜர் துளை கட்டாயமாகிவிட்டது. அந்தப் பட்டியலிலும் ரவுட்டர் இல்லை.

இதன் விளைவு என்ன? 5 வோல்ட், 9 வோல்ட், 12 வோல்ட் என்று வெவ்வேறு அடாப்டர்கள் ஒரே மாதிரியான உருண்டைப் பின்னோடு வருகின்றன. நம் கடையிலேயே பாருங்கள். ரவுட்டருக்கு ஒன்று, கேமராப் பெட்டிக்கு ஒன்று, எலக்ட்ரானிக் தராசுக்கு ஒன்று, டி.வி. செட்டாப் பெட்டிக்கு ஒன்று. எதை எதில் சொருகினாலும் பெரும்பாலும் உள்ளே போய்விடும். உள்ளே போவதாலேயே அது பொருத்தமானது ஆகிவிடாது.

எங்கள் பகுதியில் ஒரு மளிகைக் கடைக்காரர், பழைய அடாப்டரைக் கையில் எடுத்துக் கொண்டு போய் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். கடைப் பையன் பின்னை மட்டும் ஒத்துப் பார்த்து ஒன்றைக் கொடுத்திருக்கிறான். ரவுட்டர் கேட்டது 5 வோல்ட், வந்தது 12 வோல்ட். சொருகிய கணத்தில் விளக்கு ஒரு முறை எரிந்து அணைந்தது. அதன்பின் சரியான அடாப்டர் வாங்கியும் பயனில்லை. பில்லும் வாங்கவில்லை என்பதால் யாரிடம் போய்க் கேட்பது?

சீட்டில் பார்க்க வேண்டிய நான்கு

எடைக்கல்லில் முத்திரை பார்க்கிற பழக்கம் நமக்கு உண்டு. அதே பழக்கத்தோடு ரவுட்டரைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒட்டிய சீட்டில் அது கேட்கும் மின்சாரம் அச்சிடப்பட்டிருக்கும். பழைய அடாப்டர் தொலைந்து போனாலும் கவலையில்லை, இந்தச் சீட்டே போதும்.

முதலாவது, வோல்ட். இது சரிக்குச் சரியாக இருக்க வேண்டும். கூடினால் பெட்டி கருகலாம். குறைந்தால் விளக்கு எரியும், ஆனால் இணைப்பு நிற்காது.

இரண்டாவது, ஆம்பியர். இது ரவுட்டர் கேட்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. 1 ஆம்பியர் பெட்டிக்கு 2 ஆம்பியர் கொடுத்தால் எரிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். கிடங்கில் நூறு மூட்டை இருந்தாலும், வாங்க வந்தவர் தமக்கு வேண்டிய பத்து மூட்டையைத்தான் எடுத்துப் போவார். ரவுட்டரும் அப்படித்தான். ஆனால் கிடங்கில் ஐந்து மூட்டைதான் உள்ளது என்றால் சிக்கல். அடாப்டர் சூடாகும். மாலையில் பலரும் வைஃபையில் சேரும் நேரம் பார்த்து ரவுட்டர் தானாக அணைந்து எரியும். சிலவற்றில் மில்லி ஆம்பியரில் போட்டிருப்பார்கள். 1000 மில்லி ஆம்பியர் என்பது 1 ஆம்பியர்.

மூன்றாவது, மின்சாரத்தின் வகையும் முனையும். ஒரு நேர்கோடும் அதன் கீழ் மூன்று சிறு கோடுகளும் இருந்தால் அது டி.சி. அலை போன்ற கோடு என்றால் ஏ.சி. இரண்டையும் மாற்றக் கூடாது. பக்கத்தில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி ஓர் அரை வட்டமும் வரைந்திருக்கும். புள்ளியிலிருந்து போகும் கோடு கூட்டல் குறியில் முடிந்தால் நடு முனை பாசிட்டிவ். ரவுட்டரிலும் அடாப்டரிலும் இந்தப் படம் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

நான்காவதுதான் பின். வெளிச் சுற்று 5.5 மி.மீ. உள்ள பின்களில், உள் துளை 2.1 மி.மீ. என்றும் 2.5 மி.மீ. என்றும் இரண்டு உண்டு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பெரிய துளையைச் சிறிய முனையில் சொருகினால் ஆடும். ஆடினால் இணைப்பு விட்டு விட்டு வரும். ஆகவே கடைக்குப் போகும்போது பழைய அடாப்டரோடு ரவுட்டரையும் எடுத்துச் செல்லுங்கள்.

முத்திரையும் பில்லும்

மின்னணுப் பொருள்களுக்கு இந்திய தரநிர்ணய நிறுவனத்தின் பதிவைக் கட்டாயமாக்கும் ஆணை 2012-ல் வந்தது. 2014-ல் அடாப்டர்களும் அதில் சேர்க்கப்பட்டன. ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் அடாப்டரின் மேல் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்னும் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் யார் என்று தெரிந்துவிடும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, உள்ளூரில் வாங்கினாலும் சரி, எண் இல்லாததைத் தொடாதீர்கள்.

பல்பு, சார்ஜரோடு அடாப்டரையும் தொங்கவிட்டு விற்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. பதிவு இல்லாத சரக்கை விற்பது மட்டுமல்ல, விற்பனைக்கு வைத்திருப்பதும் 2016-ஆம் ஆண்டின் தரநிர்ணயச் சட்டப்படி குற்றம். மலிவாகக் கிடைக்கிறதே என்று மொத்தமாக இறக்கிவிட வேண்டாம். கேட்டு வருபவரிடம், “ரவுட்டரில் எத்தனை வோல்ட் போட்டிருக்கிறது?” என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுங்கள். அந்த ஒரு கேள்வியில் ஒரு வாடிக்கையாளரின் பெட்டியும் உங்கள் பெயரும் தப்பும்.

முன்கூட்டியே செய்யக் கூடியவை

ஆயுத பூஜைக்கும் போகிக்கும் கடையைக் கழுவித் துடைக்கும்போதுதான் அடாப்டர்கள் இடம் மாறுகின்றன. இன்றே ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி, எந்தப் பெட்டிக்கு உரியது, எத்தனை வோல்ட் என்று எழுதி வையுங்கள். அடாப்டரை அரிசி மூட்டைக்கு அடியிலும் சாக்குக்குள்ளும் புதைக்காமல், காற்றோட்டமாக வையுங்கள். ரவுட்டர் இணைப்புக் கம்பெனி கொடுத்தது என்றால், வெளியில் வாங்கும் முன் அவர்களிடம் மாற்று கேட்டுப் பாருங்கள். கரண்ட் இல்லாத நேரத்துக்கு ரவுட்டருக்கென்றே சிறிய யு.பி.எஸ். வாங்குவோரும் அதே நான்கையும் பார்த்தே வாங்க வேண்டும்.

மொத்த வியாபாரம் செய்பவர்கள் பொருத்தமான அடாப்டர் ஒன்றைக் கூடுதலாக வாங்கிக் கல்லாவில் போட்டு வைப்பது நல்லது. மாதக் கடைசியில் கணக்கு ஏற்றும் நாளில், இரவு எட்டு மணிக்கு விளக்கு அணைந்தால், அந்த நேரத்தில் கடை திறந்திருக்காமல் போகலாம்.