உம் கொட்டாத காது

1979 ஏப்ரலில், பிரிட்டன் தேர்தல் சூட்டில் இருந்த நேரம், எதிர்க்கட்சித் தலைவர் மார்கரெட் தாட்சரைத் தொலைக்காட்சியில் டெனிஸ் டூயி பேட்டி கண்டார். தாட்சர் பேசிக்கொண்டிருக்கும்போதே டூயி திரும்பத் திரும்பக் குறுக்கே புகுந்தார். பார்த்தவர்களுக்கு அது முரட்டுத்தனமாகத்தான் பட்டிருக்கும். ஜெஃப்ரி பீட்டி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அந்தப் பதிவை அலசி, 1982இல் 'நேச்சர்' இதழில் வேறொரு விளக்கம் தந்தார்கள். பேச்சை முடிக்கும் இடத்தில் குரல் கீழே இறங்குவது வழக்கம். தாட்சருக்கோ சொல்ல வந்தது முடியாத இடங்களிலும் குரல் சட்டென்று இறங்கியது. அந்தத் துண்டுகளை மட்டும் தனியே வெட்டி வேறு ஆட்களிடம் காட்டியபோது, அவர்களும் 'பேசி முடித்துவிட்டார்' என்றே சொன்னார்கள்.

இவ்வளவு மெல்லிய குறிப்புகளை நம்பித்தான் மனிதப் பேச்சு நடக்கிறது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு ஒன்றில், கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான மௌனம் சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது. ஒரு படத்தைப் பார்த்து அதிலுள்ள பொருளின் பெயரைச் சொல்லவே நமக்கு அரை நொடிக்கு மேல் பிடிக்கிறது. அப்படியானால் எதிரில் இருப்பவர் முடிப்பதற்கு முன்பே நம் பதில் உள்ளே தயாராகிவிடுகிறது. கேட்பதும் பேசத் தயாராவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

பேட்டியாளருக்கு இதுதான் கண்ணி. அவர் கையில் அடுத்த கேள்வி எழுதிய தாள் இருக்கிறது, காதுக்கருவியில் தயாரிப்பாளர் நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறார், மூளையோ தானாகவே அடுத்த வாக்கியத்துக்கு ஓடுகிறது. அமைச்சர் "இப்போதைக்கு வரியை உயர்த்தும் எண்ணமில்லை" என்கிறார். அந்தப் பதிலின் உயிர் முழுக்க 'இப்போதைக்கு'வில் இருக்கிறது. தாளைக் கீழே வைத்துவிட்டு அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்பவரைத்தான் நான் நல்ல பேட்டியாளர் என்பேன். நல்ல கேள்வி கேட்பது அதற்கு அடுத்தபடிதான்.

இன்னொன்றையும் அவர் அடக்க வேண்டியிருக்கிறது. யாராவது நம்மிடம் எதையாவது சொன்னால் நாம் உம் கொட்டுகிறோம், "அப்படியா" என்கிறோம், தலையை ஆட்டுகிறோம். செய்திப் பேட்டிகளில் இந்த ஒலிகள் ஏறக்குறைய இல்லவே இல்லை என்பதை 1980களில் ஜான் ஹெரிட்டேஜ் கவனித்து எழுதினார். பதில் பேட்டியாளருக்கு உரியதல்ல, வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு உரியது. பேட்டியாளர் 'ஆமாம்' என்று முனகினால் அவரே ஏற்றுக்கொண்டது போலாகிவிடும். அதனால்தான் அவர் குற்றச்சாட்டைக்கூட "உங்கள் கட்சியிலேயே சிலர் இப்படிச் சொல்கிறார்களே" என்று அடுத்தவர் வாயில் வைத்துக் கேட்கிறார். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தன் கருத்தை ஒதுக்கி வைத்தால்தான் எல்லாத் தரப்பு நேயர்களுக்காகவும் அவரால் கேட்க முடியும்.

நேயருக்கு ஏன் ஆள் தேவை, அவருக்கே கேட்டால் புரியாதா? புரியாமல் போவது எவ்வளவு எளிது என்று டாட் ராஜர்ஸ், மைக்கேல் நார்ட்டன் இருவரும் 2011இல் காட்டினார்கள். மருத்துவ வசதி பற்றிய ஒரே பதிலை வெவ்வேறு கேள்விகளுக்குப் பின்னால் ஒட்டிப் போட்டுக்காட்டினார்கள். கேள்வி பயங்கரவாதம் பற்றியதாக இருந்தபோது, பதில் நழுவுகிறது என்று பார்த்தவர்கள் கண்டுகொண்டார்கள். போதைப்பொருள் பற்றியதாக இருந்தபோதோ பலர் கவனிக்கவே இல்லை. அவர்களுக்குக் கேள்வியே மறந்துபோயிருந்தது, பேசியவர் மீதோ நம்பிக்கை குறையவில்லை. கேள்வியைத் திரையில் எழுத்தாகக் காட்டிக்கொண்டே இருந்தால் நழுவலைக் கண்டுபிடிப்பவர்கள் கூடினார்கள். திரையில் எழுத்து செய்யும் அந்த வேலையை வானொலியில் பேட்டியாளரின் நினைவாற்றல்தான் செய்தாக வேண்டும்.

நழுவுகிற எல்லோரையும் பொய்யர் என்று சொல்லிவிடவும் முடியாது. 'ஆம்' என்றாலும் கெடுதல், 'இல்லை' என்றாலும் கெடுதல் என்ற நிலையில் சாதாரண மனிதர்களும் மழுப்பத்தான் செய்வார்கள் என்பதை ஜேனட் பவேலஸ் சோதனைகளில் நிறுவினார். பிடித்த நண்பர் பிடிக்காத பரிசைக் கொடுத்து "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் நாமும் அதைத்தான் செய்கிறோம். 1987 தேர்தல் பேட்டிகளை எண்ணிப் பார்த்த பீட்டர் புல், தாட்சர் 37 சதவீதக் கேள்விகளுக்கும், எதிரணித் தலைவர் நீல் கின்னக் 39 சதவீதக் கேள்விகளுக்கும் மட்டுமே நேரடியாகப் பதில் தந்ததாகக் கணக்கிட்டார். எதிரும் புதிருமான இருவர் இந்த ஒன்றில் இவ்வளவு நெருங்கியிருக்கிறார்கள்! எதைச் சொன்னாலும் மாட்டவைக்கும் கேள்வி, மக்களுக்குச் சேர வேண்டிய பதிலைக் கோரும் கேள்வி, இரண்டையும் பிரித்தறிவது பேட்டியாளரின் மனசாட்சியைப் பொறுத்தது.

1997 மே மாதம் பிபிசியின் 'நியூஸ்நைட்' நிகழ்ச்சியில் ஜெரமி பேக்ஸ்மன் முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம் ஒரே கேள்வியைப் பத்துத் தடவைக்கு மேல் கேட்டார். சிறைத்துறைத் தலைவரின் முடிவை மீறிவிடுவதாக மிரட்டினீர்களா என்பதே கேள்வி. அரசியல் பேட்டி என்றாலே இன்றும் பலருக்கு நினைவு வருவது அதுதான். அடுத்து வரவேண்டிய பகுதி தயாராகாததால் நேரத்தை நீட்ட வேண்டியிருந்தது என்று பேக்ஸ்மனே பின்னாளில் சொன்னார். ஹோவர்ட் பதில் சொல்லவில்லை என்பது நமக்குத் தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

என் மதிப்பில் அதைவிட உயர்ந்தது, 1989 அக்டோபர் 29 அன்று பிரையன் வால்டன் தாட்சருடன் நடத்திய பேட்டி. மூன்று நாள் முன்புதான் நிதியமைச்சர் நைஜல் லாசன் பதவி விலகியிருந்தார். பிரதமரின் பொருளாதார ஆலோசகர் ஆலன் வால்ட்டர்ஸோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. வால்டன் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், தாட்சர்மீது மதிப்பு உள்ளவர். எந்தக் கேள்விக்கு என்னென்ன பதில் வரலாம், ஒவ்வொன்றிலிருந்தும் எங்கே போகலாம் என்று முன்கூட்டியே வரைந்து பார்ப்பது அவர் நிகழ்ச்சியின் வழக்கம். லாசனின் இடம் அசைக்க முடியாததாக இருந்தது என்று தாட்சர் மீண்டும் மீண்டும் சொன்னார். வால்டன் அதை மறுக்கவில்லை, அதிலிருந்தே அடுத்த கேள்வியைச் செய்தார். அப்படிப்பட்டவர் ஏன் போனார்? வால்ட்டர்ஸை அனுப்பியிருந்தால் அவர் இருந்திருப்பாரா? தனக்குத் தெரியாது என்று பிரதமர் சொல்ல வேண்டியதாயிற்று. தன் நிதியமைச்சர் ஏன் போனார் என்பது பிரதமருக்கே தெரியவில்லை என்றால் அது எவ்வளவு பெரிய செய்தி! குரலை உயர்த்தாமலே வால்டன் அதை வரவழைத்தார்.

வானொலியில் இதற்கு இணையாக நான் மதிப்பது 2012 நவம்பர் 10 காலை, பிபிசி ரேடியோ 4இன் 'டுடே' நிகழ்ச்சி. ஜான் ஹம்ஃப்ரிஸ் பேட்டி கண்டது தன் சொந்த நிறுவனத்தின் தலைமை இயக்குநர் ஜார்ஜ் என்ட்விசிலை. 'நியூஸ்நைட்' ஒளிபரப்பிய தவறான குற்றச்சாட்டு ஒன்று ஒரு மூத்த அரசியல்வாதியைக் களங்கப்படுத்தியிருந்தது. ஹம்ஃப்ரிஸின் கேள்விகள் பள்ளிப்பிள்ளைகூடக் கேட்கக்கூடியவை: எப்போது தெரிந்தது, யாரும் சொல்லவில்லையா, நாளிதழில் வந்ததைப் படித்தீர்களா, நீங்களாகக் கேட்கவில்லையா. அந்த நிகழ்ச்சியைத் தான் பார்க்கவில்லை, நாளிதழ்ச் செய்தியையும் படிக்கவில்லை என்று இயக்குநர் ஒவ்வொன்றுக்கும் நேர்மையாகவே பதில் சொன்னார். பதவியேற்று 54 நாளில், அன்று இரவே அவர் விலகினார்.