நீலமெல்லாம் குறிஞ்சி அல்ல

கொடைக்கானல், மூணாறு பக்கம் சரிவில் நீலமாக எது தெரிந்தாலும் குறிஞ்சி பூத்துவிட்டதென்று படம் பரவத் தொடங்கிவிடும். நிறத்தை நம்பினால் இப்படித்தான். நிறம் கடைசியில் பார்க்க வேண்டியது.

முதலில் பூவை விட்டுத் தண்டைப் பாருங்கள். கணுவுக்கு ஓர் இலை, கொடியாகச் சுற்றுகிறது, கிள்ளினால் பால் வருகிறது என்றால் அது ஏதோ ஒரு தாளிக்கொடி. கணுவுக்கு இரண்டிரண்டாக இலைகள் எதிரெதிரே நின்று, கணு சற்றே புடைத்து, பூவும் மணி வடிவில் ஐந்து மடலாக விரிந்திருந்தால், பெரும்பாலும் குடும்பம் பிடிபட்டது. கனகாம்பரமும் ஆடாதோடையும் நிலவேம்பும் அந்தக் குடும்பமே. மலை ஏறாமலே பழக வேலியோரத்துப் பட்டாசுக்காய்ச் செடி போதும். எச்சில் பட்டதும் படீரென்று வெடிக்கிறதே அந்தக் காய், அது குறிஞ்சிக்கு நெருங்கிய சொந்தம். குறிஞ்சிக் காயும் முற்றினால் இரண்டாகப் பிளந்து விதை சிதறும். பிளந்த ஓட்டுக்குள் விதைகளைத் தாங்கியிருந்த சிறு கொக்கிகளைக் காணலாம்.

இதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல். குறிஞ்சியின் பேரினமான ஸ்ட்ரோபிலாந்தஸில் நம் தென்னிந்திய மலைகளில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. சில ஆண்டுதோறும் பூக்கும். மகாராஷ்டிரத்தின் கார்வி ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை. நாம் கொண்டாடும் நீலக்குறிஞ்சியான குந்தியானா 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதைத்து, செத்துப்போகும். ஆகவே இடத்தையும் கூட்டத்தையும் பார்க்க வேண்டும். சுமார் 1300 மீட்டருக்கு மேல் வெயில் விழும் புல்வெளிச் சரிவில், பெரும்பாலும் முழங்கால், இடுப்பு உயரப் புதர்களாக, சரிவு முழுக்க ஒரே வேளையில் பூத்திருந்தால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். சோலைக்காட்டு நிழலில் தனியாகப் பூத்து நிற்பது அநேகமாக அதன் பங்காளி.

ஆண்டுக் கணக்கும் ஒரு துப்புத்தான். 2006, 2018 பெரும் பூப்பு நடந்த ஆண்டுகள், அடுத்தது 2030. ஆனால் கணக்குத் தப்பிப் பூக்கும் சரிவுகளும் இருப்பதால், நாட்காட்டியை மட்டும் வைத்து எதையும் தள்ளிவிட முடியாது.

படம் எடுப்பவர்கள் பூவை மட்டும் நெருங்கி எடுக்கிறார்கள். அதை வைத்து இனம் சொல்லத் தாவரவியலாளரே தயங்குவார். கணுவோடு ஒரு படம், இலையின் அடிப்பக்கம், முழுப் புதர், அது நிற்கும் சரிவு: இந்த நான்கும் சேர்ந்தால் அவருக்கு வேலை எளிது.