பட்டறையும் பட்டமும்

சித்திரம் எழுதப் படிக்கப் போகிறேன் என்று பிள்ளை சொன்ன மாத்திரத்தில் வீட்டில் எழுகின்ற முதற் கேள்வி, ‘அதைப் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும்?’ என்பதாகும். இதைக் கலையுணர்ச்சி அற்றவர்களின் கேள்வி என்று எள்ளி நகையாடுவது கலைஞர்களிடையே நெடுநாளைய வழக்கம். ஆயினும் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்போமானால், நம் தேசத்துக் கலைப் பள்ளிகளுள் மிகப் பழையனவற்றில் ஒன்று அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்காகவே தோன்றியது என்ற விசித்திரமான உண்மை புலப்படும்.

1850-ஆம் ஆண்டில் சென்னையில் அலெக்ஸாண்டர் ஹன்ட்டர் என்னும் ரணசிகிச்சை வைத்தியர் ஒருவர் தம் சொந்த முயற்சியில் ஒரு சித்திரப் பள்ளியை நிறுவினார். அடுத்த ஆண்டே கைத்தொழிற் பள்ளி ஒன்றையும் அதனுடன் சேர்த்துக்கொண்டார். மண்பாண்டமும், செதுக்கு வேலையும், பிற்பாடு புகைப்படமும் பயிற்றுவிக்கப்பட்ட அந்த ஸ்தாபனத்தைச் சில ஆண்டுகளுக்குள் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என்ற பெயருடன் சிவப்புச் செங்கற் கட்டடங்களோடு நிற்பது அதுவேதான். பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையைக் கட்டிய சிஷோம் துரை ஒரு காலத்தில் அதன் தலைவராக இருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலோ, கிண்டி பொறியியற் கல்லூரிப் பேராசிரியரான ஆல்பிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியத்தைத் தட்டிப் பாத்திரம் செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்க, அந்தத் தொழில் நன்றாக வேரூன்றியபின் தனியார் கம்பெனி ஒன்றின் வசம் சென்றது. நம் பாட்டிமார் சோறு வடித்த அலுமினியப் பானைக்கும் ஓர் ஓவியப் பள்ளிக்கும் இப்படியொரு பந்துத்துவம் உண்டு என்பதை அங்கே படிக்கும் மாணவர்களிலேயே எத்தனை பேர் அறிவார்களோ, சந்தேகம்தான்.

இதே பள்ளியில் 1884 முதல் சில ஆண்டுகள் தலைமை வகித்த ஹாவெல் என்பவர், பின்பு கல்கத்தாவுக்குச் சென்று, மேனாட்டுச் சிலைகளைப் பார்த்து நகல் எடுப்பதையே படிப்பு என்று எண்ணியிருந்த அங்குள்ள மாணவர்களை முகலாயச் சித்திரங்களின் பக்கம் திருப்பினார். அவருக்கு உற்ற துணையாக நின்றவர் அவனீந்திரநாத தாகூர். அந்த அவனீந்திரரிடம் சித்திரம் பயின்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929-இல் சென்னைப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவராக வந்து சேர்ந்தார். சென்னையிலிருந்து புறப்பட்ட ஒரு விருப்பம் வங்காளத்தைச் சுற்றிக்கொண்டு சென்னைக்கே திரும்பி வந்த கதை இது. மல்யுத்தமும் வேட்டையும் புல்லாங்குழலும் பழகிய ராய் சௌத்ரி, தொழிற்பள்ளியாக இருந்ததைக் கலைப்பள்ளியாக மாற்றினார். உயிருள்ள மனிதரை எதிரே நிறுத்தி அங்க லட்சணம் பார்த்து வரைவதும், களிமண்ணைப் பிசைந்து உருவம் எழுப்புவதும் அவர் காலத்தில் பிரதானமாயின. பாறையை நெம்பும் நான்கு தொழிலாளரை வெண்கலத்தில் வார்த்து அவர் செய்த சிலை 1959-ஆம் ஆண்டு முதல் மெரினாவில் நிற்கிறது. அவர் செய்த மாறுதல் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் பட்டறைக்காரன் வேறு, கலைஞன் வேறு என்ற மேட்டிமை எண்ணமும் அதன் நிழலில் வளர்ந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அந்த எண்ணத்தை உடைத்தவர் அவருடைய மாணவரும், 1957-இல் அவருக்குப்பின் தலைமை ஏற்றவருமான கே.சி.எஸ். பணிக்கர். நம் மரபின் கோட்டில் என்ன இருக்கிறது என்று மாணவர்களோடு அமர்ந்து விவாதித்த அவர், ஓவியம் எழுதுபவனும் உண்ண வேண்டும் என்பதையும் மறந்தாரில்லை. படங்கள் விற்காத அக்காலத்தில் மெழுகு பூசிச் சாயமேற்றிய பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் நிலம் வாங்கி, 1966-இல் அவரும் மாணவர்களும் சக கலைஞர்களும் சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். ஒரு பொழுது கைத்தொழில், எஞ்சிய பொழுதில் சித்திரம் சிற்பம் என்ற அந்த ஏற்பாட்டில், ஹன்ட்டர் விட்டுச்சென்ற பட்டறை மறுபிறவி எடுத்தது எனலாம். அதே கல்லூரியில் பயின்ற ஆதிமூலம், கண்காட்சிச் சுவர்களுக்கு வரைந்த கையாலேயே வாரப் பத்திரிகைக் கதைகளுக்கும் சிற்றிதழ் அட்டைகளுக்கும் கோடு போட்டார். கண்காட்சிக்குப் போகாத லட்சம் வாசகர்கள் நவீன ஓவியத்தை முதன்முதலாகக் கண்டது கதைப் பக்கங்களில்தான்.

சங்கீதத்தின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே பட்டறை வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. குருவின் வீடே பட்டறையாக இருந்தது. சிதம்பரத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் 1929-இல் இசைக்கல்லூரி எழுந்தபோதும், சென்னையில் 1949-இல் மத்திய கர்நாடக இசைக் கல்லூரி முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கியபோதும், முக்கால் மணிக்கு ஒரு மணி அடிக்கும் வகுப்பில் தோடி ராகத்தை எப்படி அடக்குவது என்ற வினா எழாமல் இருந்திருக்க முடியாது. குருகுலத்தில் சிஷ்யன் பாடக் கற்றதைவிடக் கேட்டுக் கற்றதே அதிகம். விடியற்காலை அகார சாதகமும், கச்சேரியில் பின்னால் அமர்ந்து தம்பூரா மீட்டிய இரவுகளும் எந்தப் பாடத்திட்டத்திலும் ஏறா. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் நான் கல்லூரியின் பக்கமே நிற்பேன். குருகுலத்தின் வாசற்படி எல்லாருக்கும் சம உயரத்தில் இருந்ததில்லை. இன்னாருடைய மகன், இன்ன வம்சம் என்ற விசாரணை இல்லாமல் விண்ணப்பத் தாளை மாத்திரம் கேட்கின்ற ஒரு வாசல், பரம்பரை இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதைப் பரம்பரை உள்ளவர்கள் உணர்வது கடினம். சிற்பத்திலும் அப்படியே: 1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, பின்னாளில் கல்லூரியாகி, ஸ்தபதி குடும்பங்களுக்குள் தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் சென்ற, சிலையின் அங்கங்களை வகுக்கும் தாள அளவுகளை, உளி பிடிக்க விரும்பி வந்த பிறருக்கும் கற்பித்து வருகிறது.

நாடகத்துக்கும் நம்மிடையே ஒரு குருகுலம் இருந்தது. அதற்குப் பாய்ஸ் கம்பெனி என்று பெயர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பால சபையும் அது போன்ற பிற கம்பெனிகளும், பத்து வயதுப் பையன்களைப் பெற்றோரிடமிருந்து வாங்கிவந்து, பாட்டும் வசனமும் அடியுமாக வளர்த்தன. டி.கே.எஸ். சகோதரர்களும் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் அத்தகைய கம்பெனிகளில் உருவானவர்களே. அந்த வாழ்க்கையைப் பொற்காலமென்று புகழ்கிறவர்கள் அந்தப் பையன்களின் முதுகைப் பார்த்ததில்லை. கம்பெனிகள் மறைந்தபின், 1959-இல் டில்லியில் தேசிய நாடகப் பள்ளி தோன்றியது. லண்டனில் பயின்ற இப்ராஹிம் அல்காசி 1962 முதல் பதினைந்து ஆண்டுகள் அதை நடத்தி, நடிப்போடு ஒளியமைப்பும் உடையமைப்பும் மேடைத் தச்சும் அறிந்தவனே நாடகக்காரன் என்ற நியதியை வற்புறுத்தினார். அங்கே பயின்று வந்த செ. இராமானுஜம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் இந்திரா பார்த்தசாரதி தலைமை வகித்த நிகழ்கலைப் பள்ளிக்கோ, பழைய பாய்ஸ் கம்பெனி வாத்தியாரான சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.

இவற்றுள் கடைக்குட்டி வடிவமைப்புப் படிப்பு. 1958-இல் இந்திய அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் இங்கு வந்த அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியர் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் தங்கள் அறிக்கையில் எல்லாவற்றிலும் மேலாக வியந்து எழுதியது எதைப்பற்றித் தெரியுமா? நாம் நாள்தோறும் தண்ணீர் மொள்ளுகின்ற செம்பைப்பற்றி! இடுப்பில் எப்படி அமர்கிறது, நிறைந்திருக்கும்போது பாரம் எப்படி நிலைகொள்கிறது, ஊற்றும்போது கழுத்து எப்படி வழிவிடுகிறது, துலக்க எளிதா, விலை என்ன என்று அவர்கள் அடுக்கிய கேள்விகளே ஒரு பாடத்திட்டமாயின. அந்த அறிக்கையின் விளைவாக, தொழிலதிபர்களான சாராபாய் குடும்பத்தாரின் ஊக்கத்தோடு, 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாயிற்று. செம்பைச் செய்த பெயரறியாக் கன்னாரின் அறிவைக் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்து கற்க வேண்டியிருக்கிறதே என்று ஒருவர் வருந்தலாம்; அதைக் கற்கத் தக்க அறிவு என்று ஒப்புக்கொள்வதற்கே நமக்கு இவ்வளவு காலம் பிடித்தது என்றும் சொல்லலாம். 2010-இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியீட்டை வரைந்த உதயகுமார் என்னும் தமிழர், சென்னையில் கட்டடக் கலை பயின்று, மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புத் துறையில் தமிழ் எழுத்துருக்களை ஆராய்ந்தவர். எழுத்தின் வளைவை அளந்து பார்ப்பதும் ஒரு படிப்புத்தானா என்று கேட்டவர்களின் சட்டைப்பையிலும் இன்று அவர் போட்ட கோடு இருக்கிறது.

இத்தகைய கல்லூரிகளில் சேர விரும்புகிறவர்கள் பள்ளி இறுதி மதிப்பெண்ணை மட்டும் நம்பிப் போதல் கூடாது. சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளில் பன்னிரண்டாம் வகுப்புக்குப்பின் நான்காண்டுப் பட்டப்படிப்பு. ஓவியம், சிற்பம், விளம்பரச் சித்திரம், மண்பாண்டம், நெசவு என்று பிரிவுகள் கல்லூரிக்குத் தக்கபடி மாறும். எதிரே வைத்த பொருளை வரைந்து காட்டும் செய்முறைத் தேர்வே அங்கே நுழைவாயில். அகமதாபாத்தில் எழுத்துத் தேர்வில் தேறியவர்களைக் கைவேலைத் தேர்வுக்கு அழைத்து, தாளும் கம்பியும் களிமண்ணும் கொடுத்து என்ன செய்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். இதற்கும் தனிப்பயிற்சி நிலையங்கள் ஊருக்கு ஊர் தோன்றிவிட்டன. அங்கே சென்று ஒரே நாற்காலியை ஒரே கோணத்தில் நூறு தடவை வரைந்து பழகுவதைக்காட்டிலும், ஆறு மாதம் கையில் ஒரு குறிப்பேட்டோடு சந்தைக்கும் பேருந்து நிலையத்துக்கும் போய், உட்கார்ந்திருக்கும் மனிதர்களை வரைந்துகொண்டு வருவது செலவும் குறைவு, தேர்வாளரிடம் எடுத்துக்காட்டவும் உதவும்.