உங்களுக்குத் தெரியுமா? தியேட்டர் கதவின் குறுக்குக் கம்பி

தியேட்டரின் அவசர வழிக் கதவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் சாய்ந்தாலே போதும், கதவு வெளிப்பக்கமாகத் திறந்துவிடும். அதற்குப் பின்னால் 183 குழந்தைகளின் சாவு இருக்கிறது.

1883 ஜூன் 16. இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில், விக்டோரியா ஹாலில் சிறுவர்களுக்கான நிகழ்ச்சி. முடிவில் பரிசு உண்டென்று அறிவித்திருந்தார்கள். மேடையிலிருந்து கீழ்த்தளத்துப் பிள்ளைகளுக்குப் பரிசுகளைக் கொடுக்கத் தொடங்கியதும், நமக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று மேல்மாடத்துப் பிள்ளைகள் படிக்கட்டில் இறங்கி ஓடினார்கள். அடியில் இருந்த கதவோ உள்பக்கமாகத் திறப்பது. ஒவ்வொருவராக வரட்டும் என்று ஒரு பிள்ளை நுழையுமளவு இடைவெளி விட்டுத் தாழிட்டிருந்தார்கள். முன்னால் விழுந்தவர்கள்மேல் பின்னால் வந்தவர்கள் விழ, மூச்சுத் திணறியே இறந்தார்கள். தீ இல்லை, புகை இல்லை, கட்டடமும் இடியவில்லை. தாழ்ப்பாள் குழந்தைகள் இருந்த பக்கம் மாட்டிக்கொண்டதால், ஓடிவந்த பெரியவர்களால் கதவை முழுதாகத் திறக்கவே முடியவில்லை. எத்தனை கொடுமை!

இந்தத் துயரத்துக்குப் பிறகுதான், இங்கிலாந்தின் ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ், உள்ளிருந்து தள்ளினாலே விலகும் தாழ்ப்பாளுக்கு 1892-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய கம்பிக் கதவுக்கு அதுவே முன்னோடி. வெளியிலிருந்து யாரும் நுழைந்துவிட முடியாது. உள்ளே இருப்பவர்களுக்கோ சாவியே தேவையில்லை.