பூச்சின்றிப் பொலியும் மேனி

சில ஆண்டுகளுக்கு முன் எனது பத்தாம் வகுப்பிலே கற்ற மாணவி ஒருத்தி, விடுமுறை முடிந்து பாடசாலைக்குத் திரும்பியபோது வெளுத்த முகத்துடன் வந்தாள். தோழியர் அவளைச் சூழ்ந்துகொண்டு வியந்தனர். ஆசிரியைகளிற் சிலரும் “நிறம் வந்துவிட்டதே!” என்று பாராட்டினர். மாமி வீட்டுக் கலியாணத்துக்காக, பெயர்ச்சீட்டும் இல்லாத ஒரு சிறு டப்பாவில் விற்ற கிறீமை வாங்கிப் பூசியதாக அவள் மகிழ்ச்சியோடு கூறினாள். விலையும் மலிவு, பலனும் ஒரே வாரத்தில்!

மூன்று மாதங்கள் கழிந்தன. அவள் கைலேஞ்சியால் முகத்தை மறைத்தபடி வகுப்புக்கு வரலானாள். கன்னங்கள் சிவந்து, தோல் மெலிந்து, உள்ளேயுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்தன. வெய்யிலில் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. கிறீமை நிறுத்தினாலோ எரிவும் பருக்களும் முன்னையிலும் அதிகமாயின. தோல் நோய் வைத்தியர் பார்த்துவிட்டு, அக்கிறீமில் வலிமை மிக்க ஸ்ரெரொயிட் மருந்து கலந்திருக்கிறது என்றார். முகம் ஒருவாறு தேறுவதற்குப் பல மாதங்கள் சென்றன. அந்நாட்களில் ஒருநாள் அவள் என்னிடம் கேட்ட கேள்வி இன்றும் என் செவியில் ஒலிக்கிறது: “ரீச்சர், என்னுடைய பழைய நிறம் எப்பொழுது திரும்பி வரும்?”

எந்த நிறத்தை வேண்டாமென்று அவள் பணங்கொடுத்து நீக்கினாளோ, அந்த நிறத்துக்காகவே அவள் ஏங்கினாள். அக்கேள்விதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. பூச்சுகள் இன்றியே மேனி பொலிவுறுவது எங்ஙனம் என்பதைத் தாய்மாரும் பிள்ளைகளும் அறிந்துகொள்ளல் நன்று.

நிறம் வேறு, பொலிவு வேறு

நம்மிற் பலர் நிறத்தையும் பொலிவையும் ஒன்றென மயங்குகின்றனர். இரண்டும் வேறு. தோலின் மேற்படையின் அடியிலே மெலனின் என்னும் கருநிறப் பொருளை ஆக்கும் கலங்கள் உள்ளன. கறுத்தவர்க்கும் வெளுத்தவர்க்கும் இக்கலங்களின் தொகை ஏறத்தாழ ஒன்றே. அவை ஆக்கும் மெலனினின் அளவிலும் வகையிலுமே வேறுபாடு உண்டு. அந்த அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பரம்பரை. பூமத்திய ரேகைக்கு வடக்கே 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் உள்ள நம் நாட்டிலே, சூரியனின் ஊதாக்கடந்த கதிர்கள் மிக வலிமையானவை. அவற்றிலிருந்து நம்மைக் காக்கும் இயற்கைக் குடையே கருநிறம். அதைக் குறையென்று கருதுவது பேதைமை.

இனி, பொலிவு என்பது யாது? தோலின் மேற்பரப்பு ஈரப்பசையுடன் ஒப்புரவாக இருந்தால் ஒளி சீராகத் தெறிக்கும், முகம் மினுங்கும். அது உலர்ந்து செதிளெடுத்தால் ஒளி சிதறும். சாம்பல் பூத்தாற்போலத் தோன்றும். கறுத்த மேனி பொலிவதும், வெளுத்த மேனி பொலிவிழப்பதும் இதனாலேயே. ஆகவே நாம் நாட வேண்டியது நிறமாற்றம் அன்று, நலமான தோல்.

நம் முன்னோர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். சங்கப் புலவர்கள் தலைவியின் அழகைக் கூறுமிடத்து ‘மாமை’ என்றனர். மாந்தளிரின் நிறத்தையொத்த மேனி அது. பிரிவாற்றாமையால் அம்மேனி வெளிறுவதைப் ‘பசலை’ என்றனர். அதனை அழகென அவர்கள் கொண்டாரல்லர், நோயென்றே கொண்டனர். திருவள்ளுவர் ‘பசப்புறு பருவரல்’ என ஓர் அதிகாரமே வகுத்து, நிறமிழந்த பெண்ணின் துயரைப் பத்துக் குறள்களிற் பாடினார். இவ்விலக்கியத்தைப் பரீட்சைக்காகப் படித்துவிட்டு, மாலையில் வெளிறுவதற்குக் கிறீம் வாங்கச் செல்கிறோம் நாம்!

டப்பாவுக்குள் இருப்பது என்ன?

கடையில் விற்கும் எல்லாக் கிறீம்களும் தீயவை என்று நான் கூறவரவில்லை. ஆனால் விரைந்து வெளுக்கச் செய்பவற்றை ஐயுறுதல் வேண்டும். அவற்றிற் சிலவற்றில் ஸ்ரெரொயிட் கலக்கப்படுகிறது. வேறு சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுகிறது. மெலனின் உண்டாவதைப் பாதரசம் தடுக்கும். அதனால் நிறம் வெளுக்கும். ஆயின் அது தோலினூடாக உடலினுட் புகுந்து சிறுநீரகங்களைக் கெடுக்கவல்லது. பூசுகின்றவரை மட்டுமன்றி, அவர் அணைத்து வளர்க்கும் குழந்தையையும் அது தாக்கக்கூடும்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013 இல் உருவாகி 2017 இல் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானிலே, பாதரசக் கழிவால் மக்கள் நலிந்த மினமாட்டா நகரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களை ஒழிப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. எனினும் களவாக வரும் டப்பாக்கள் உடன்படிக்கைகளைப் படிப்பதில்லை. ஆதலால் நாமே விழிப்பாயிருத்தல் வேண்டும்.

உற்பத்தியாளர் பெயர், முகவரி, சேர்மானப் பொருட்களின் பட்டியல் ஆகியன இல்லாத எதனையும் முகத்திற் பூசாதீர்கள். பட்டியலிலே மேர்க்குரி, கலோமெல் என்னும் சொற்கள் காணப்படின் வாங்காதீர்கள். பொன், வெள்ளி நகைகளிற் படாமற் பார்த்துக்கொள்ளும்படி எச்சரிக்கும் கிறீமும் ஐயத்துக்குரியதே. நகைக்கு ஆகாதது முகத்துக்கு ஆகுமா?

இன்னுமொரு கணக்கும் உண்டு. தோலின் மேற்படை முற்றாகப் புதுப்பிக்கப்படுவதற்கு ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் செல்லும். எனவே நல்ல பழக்கம் எதுவும் பலன் காட்ட ஒரு மாதத்துக்கு மேலாகும். ஒரு கிழமையில் நிறத்தை மாற்றுவது தோலைப் பேணும் பொருளன்று.

கிணற்றடியிலே தொடங்குவோம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல்லாலானது. ஆதலின் நமது கிணற்று நீரிற் பெரும்பகுதி வன்னீர். சவர்க்காரம் அதில் எளிதில் நுரைப்பதில்லை. நுரைக்கவில்லையே என்று நாம் மேலும் தேய்க்கிறோம். சவர்க்காரமும் வன்னீரும் சேர்ந்து உண்டாகும் படிவு தோலில் தங்கி, அதனை வரட்டுகிறது. தோல் இயல்பாகவே சிறிது அமிலத் தன்மை உடையது. சாதாரண சவர்க்காரமோ காரத் தன்மை உடையது. நாளுக்கு நாலு முறை முகத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவும் பிள்ளைகள், தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையைக் களைந்துவிட்டு, பிறகு அதனைக் கடையிலே தேடுகின்றனர்.

காலையும் மாலையும் ஒவ்வொரு முறை மென்மையான சவர்க்காரத்தால் முகங்கழுவினாற் போதும். பயற்றம் மாவும் நன்று. ஆயினும் அதை அழுத்தித் தேய்க்கலாகாது. குளித்து, ஈரத்தை மெல்ல ஒற்றியெடுத்தவுடன் கை கால்களிலே சிறிது தேங்காயெண்ணெய் பூசுங்கள். ஈரத்தை அது உள்ளே தடுத்து வைக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதன் அருமை விளங்கும். ஆனால் பருக்கள் உள்ள முகத்துக்குத் தேங்காயெண்ணெய் ஆகாது. அது துவாரங்களை அடைக்கக்கூடும். வாரந்தோறும் நல்லெண்ணெய் வைத்துத் தோயும் பழக்கத்தைக் கைவிடாதிருத்தல் நன்று.

வீட்டு வைத்தியத்திலும் விழிப்பு வேண்டும். தேசிக்காய்ச் சாற்றை முகத்திற் பூசும்படி பலர் கூறுவர். அச்சாறு பட்ட தோலில் வெய்யில் விழுந்தால் கொப்புளங்களும் நெடுநாள் மாறாத கறுத்த தழும்புகளும் உண்டாகலாம். தேசிக்காய் கறிக்கும் பானத்துக்கும் உரியது, கன்னத்துக்கு உரியதன்று. மஞ்சள் பூசுவோர் மஞ்சட் கட்டையை வாங்கி வீட்டில் அரைத்தல் நலம். நிறங்கூட்டுவதற்காக ஈயஞ் சேர்ந்த சாயத்தை மஞ்சளிற் கலப்பது பங்களாதேசத்தில் 2019 இல் வெளியான ஆய்வால் வெளிப்பட்டது.

குடையும் அடுக்களையும்

முகத்திற் சுருக்கத்தையும் கரும்படையையும் விளைவிப்பவற்றுள் வெய்யிலே முதன்மையானது. முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை வெளியே செல்வோர் குடையையோ அகன்ற தொப்பியையோ மறவாதிருத்தல் வேண்டும். துவிச்சக்கர வண்டியிற் செல்லும் பிள்ளைகளுக்குத் தொப்பியே வசதி. பணச் செலவுக்கு இடமுண்டாயின், முகப் பவுடருக்குச் செலவிடுவதை வெய்யிற்காப்புக் கிறீமுக்குச் செலவிடுங்கள். காப்பு எண் 30 அல்லது அதற்கு மேற்பட்டது தகும். முகில் மூடிய நாட்களிலும் ஊதாக்கடந்த கதிர்கள் வரும் என்பதை நினைவிற் கொள்க.

அடுத்தது உணவு. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் உருவாவதற்கு உயிர்ச்சத்து சீ இன்றியமையாதது. நெல்லிக்காயும் கொய்யாப்பழமும் அதனை நிரம்ப உடையன. முருங்கையிலை, பொன்னாங்காணி, பப்பாசி ஆகியன உயிர்ச்சத்து ஏக்கு மூலமான கரோட்டினைத் தருவன. மீனும் பருப்பும் புரதம் தருவன. இவற்றுட் பல நம் வளவிலும் வேலியோரத்திலும் விளைவன அல்லவா? தாகத்துக்குப் போதிய நீர் அருந்துக. குடங்குடமாகக் குடித்தால் முகம் மினுங்கும் என்பது வெறும் நம்பிக்கையே. நித்திரையோ, வளரும் பிள்ளைக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். நள்ளிரவு வரை கைத்தொலைபேசியைப் பார்த்துவிட்டு, விடியலிற் கண்ணின் கீழுள்ள கருமைக்கு மருந்து தேடுவதிற் பயனில்லை.

தோல் கூறும் செய்தி

சில வேளைகளிலே தோல் நமக்கு எச்சரிக்கை விடுக்கும். பிள்ளையின் பிடரியிலும் கமக்கட்டிலும் வெல்வெட்டுத் துணிபோலத் தடித்த கருமை படர்ந்தால், அழுக்கென்று எண்ணிப் பீர்க்கங்கூட்டினாலும் தேசிக்காயாலும் உரைஞ்சும் தாய்மாரைக் கண்டிருக்கிறேன். அது பெரும்பாலும் அழுக்கன்று. உடலில் இன்சுலின் சரிவரத் தொழிற்படவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். பின்னாளில் நீரிழிவு வரக்கூடும் என்பதன் முன்னறிவிப்பு. அப்பிள்ளைக்கு வேண்டியது உரைஞ்சுதல் அன்று, வைத்தியப் பரிசோதனை. அவ்வாறே, வெளிறிய முகமும் களைப்பும் சேர்ந்து காணப்படின் இரத்தச் சோகை உண்டோவென்று பார்த்தல் வேண்டும். பருக்கள் மிகுந்து வடுப்படுமாயின், கிள்ளாமல் வைத்தியரை நாடுக. அதற்குத் தக்க சிகிச்சை உண்டு.

பெரியோருக்கு ஒரு வார்த்தை

இவ்வளவும் கூறினாலும் ஒன்று எஞ்சுகிறது. அம்மாணவி அந்த டப்பாவை வாங்கியது தானாகவா? “கறுத்துப் போனாயே பிள்ளை” என்று காணுந்தோறும் கூறிய உறவினரும், மணமகள் தேவை விளம்பரத்திலே நிறத்தை முதலிற் கேட்கும் பெற்றோரும், வெளுத்து வந்தபோது பாராட்டிய ஆசிரியைகளும் அதில் பங்காளிகள். அன்று நானும் புன்னகைத்தேன் என்பதை மறைப்பது நேர்மையன்று. பெயர் பெற்ற ஒரு முகக் கிறீமின் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை 2020 இல் அதன் உற்பத்தியாளர்களே நீக்கிவிட்டனர். நம் வாயிலிருந்து அதை நீக்குவது அதனிலும் கடினமான காரியமா?

அம்மாணவியின் முகம் பின்னர் தெளிந்தது. அவள் பழைய மாந்தளிர் நிறம் மெல்ல மெல்லத் திரும்பியது. கடைசித் தவணையில் ஒருநாள், கைலேஞ்சியின்றி, நெற்றியிலே திருநீறு மட்டும் துலங்க அவள் வகுப்பினுள் நுழைந்தபோது, எந்தப் பூச்சும் தரமுடியாத பொலிவை அம்முகத்திற் கண்டேன். இம்முறை அவளைப் பாராட்ட நான் தயங்கவில்லை.