ஒரு நொடி மங்கல், ஒரு நீண்ட பேச்சு

மணிமேகலைக் காப்பியத்தில் என்னை மீண்டும் மீண்டும் இழுப்பது அட்சய பாத்திரமோ மணிபல்லவமோ அல்ல. ஆண் துறவியின் வேடத்தில் வஞ்சி மாநகருக்குள் போகும் அந்தப் பெண், ஒவ்வொரு சமயவாதியிடமும் நின்று, உம் கொள்கை என்ன, அதை எப்படி அறிந்தீர் என்று பொறுமையாகக் கேட்கும் பகுதிதான். அளவைவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என்று வரிசையாகப் பேசுகிறார்கள். அவள் இடைமறிப்பதே அரிது. நமக்குத் தெரிவது எப்படித் தெரிகிறது என்ற கேள்விக்கு இவ்வளவு நீண்ட பேச்சை ஒதுக்கிய காப்பியம் வேறு ஏதாவது இருக்கிறதா என்று நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

அளவைவாதி அறிவுக்குப் பத்து வழிகள் சொல்கிறான். காண்டல் ஒன்று, கருதல் ஒன்று. அபாவம், அதாவது இன்மை, இன்னொன்று. பிறகு காஞ்சியில் அவளுடைய ஆசான் அறவண அடிகள் இதைச் சுருக்கி, காட்சியும் கருத்துமாகிய இரண்டே போதும் என்கிறார். அவர் எடுத்துக்காட்டும் வீட்டுக்குள்ளேயே கிடைக்கிறது: அடுக்களையில் புகை உண்டு, நெருப்பும் உண்டு. ஆகவே புகை எழும் இந்த மலையிலும் நெருப்பு உண்டு.

அந்த மலை எது என்று காப்பியம் சொல்லவில்லை. எனக்கு மட்டும் அது எப்போதும் ஜவ்வாது மலைதான். ஏனென்றால் காணாத ஒன்றைக் கருதி அறிந்த கதை ஒன்று அங்கே நிஜமாகவே நடந்திருக்கிறது.

சாமையும் தினையும் விளையும் அந்த மலையில், ஆலங்காயத்தைத் தாண்டிக் காடேறினால் காவலூர் வரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த வைணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு வேலை தொடங்கியது. 1972இல் 102 செ.மீ. கார்ல் சைஸ் தொலைநோக்கி வந்தது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதி இங்கே தெரியும். இன்னொரு சிறப்பும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் நடுவே இரவு நகரும்போது, விழித்திருந்து பார்க்கும் பெரிய கண்கள் அந்நாளில் மிகக் குறைவு. அவற்றுள் ஒன்று காவலூர்.

1977 மார்ச் 10ஆம் தேதி இரவு அந்தச் சிறப்பு பலன் கொடுத்தது. துலாம் ராசியில், வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மங்கலான விண்மீனை யுரேனஸ் கோள் மறைக்கப்போகிறது என்று முன்கூட்டியே கணித்திருந்தார்கள். இதற்கு மறைப்பு என்று பெயர். கோளின் விளிம்பில் விண்மீனின் ஒளி எப்படி மங்குகிறது என்று அளந்தால் கோளின் அளவும் அதன் காற்றின் தன்மையும் தெரியவரும். அதற்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். வளையத்தை யாரும் தேடவில்லை.

காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 102 செ.மீ. தொலைநோக்கியில் ஒளிமானியைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெற்கே, இந்தியப் பெருங்கடலுக்கு மேல் சுமார் 12 கி.மீ. உயரத்தில், அமெரிக்காவின் கைப்பர் பறக்கும் வானாய்வகத்தில் ஜேம்ஸ் எலியட் குழுவினர் இருந்தார்கள். கணிப்பில் பிழை இருக்கலாம் என்ற எச்சரிக்கையில், மறைப்பு நேரத்துக்கு வெகுமுன்பே அவர்கள் பதிவைத் தொடங்கிவிட்டார்கள். கோள் விண்மீனை நெருங்கும் முன்னரே ஒளி திடீரெனக் குறைந்தது. சில நொடிகளில் மீண்டது. பிறகு இன்னொரு முறை, இன்னொரு முறை.

அந்த விமானத்தில் ஒலிநாடா ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் அப்போது பேசியது பிறகு அச்சிலும் வந்தது. மேகமா, கருவிக் கோளாறா, தொலைநோக்கி சற்று விலகியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தள்ளுகிறார்கள். ஒரு கண்டுபிடிப்பு கண்டுபிடிப்பாக மாறுவதற்கு முந்தைய நிமிடங்கள் இப்படிப் பதிவாவது மிக அரிது. வெற்றிக் குரல் அதில் இல்லை. சக மனிதரிடம் "நீயும் பார்த்தாயா" என்று கேட்கும் குரல்தான் இருக்கிறது.

மங்கல் என்பது வெறும் மங்கல்தான். அது தன் பெயரைச் சொல்லாது. எலியட் குழு முதலில் சிறு நிலவுகளின் கூட்டமோ என்று எண்ணியது. காவலூர்க்காரர்களும் தங்கள் பதிவில் கண்டதை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்றே 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பிறகு பதிவுகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. கோளுக்கு முன்னால் ஐந்து மங்கல்கள், பின்னால் ஐந்து. கோளின் மையத்திலிருந்து அளந்தால் இருபுறமும் ஏறத்தாழ ஒரே தூரங்கள். ஒரு சிறு நிலவின் நிழல் பூமியின் மேல் அந்த நிலவின் அகலத்துக்கே விழும். அது ஒரே இரவில் ஜவ்வாது மலையிலும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே பறந்த விமானத்திலும், பெர்த்திலும் விழ வழியில்லை. கோளை முழுதாகச் சுற்றிவரும் ஒன்றுதான் அப்படி எல்லா இடத்திலும் ஒளியை வெட்ட முடியும். அதே ஆண்டு முடிவதற்குள் பட்டாச்சார்யாவும் பாப்புவும் மறுபடி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இம்முறை யுரேனஸுக்குச் சனியைப் போல வளைய அமைப்பு என்று.

சொன்னதை மாற்றிச் சொன்ன அந்த இரண்டாம் கட்டுரைதான் எனக்கு முதலாவதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

அவர்கள் அறிந்த பொருள் எவ்வளவு மெலிதானது என்று எண்ணிப்பாருங்கள். யுரேனஸ் அன்று சுமார் 270 கோடி கி.மீ. தொலைவில் இருந்தது. அதன் வளையங்களில் பல 10 கி.மீ.கூட அகலமில்லாதவை. மிக அகலமான எப்சிலான் வளையமே அதிகபட்சம் 100 கி.மீ.தான். காவலூரில் நின்றுகொண்டு 27 கி.மீ. தள்ளியுள்ள ஒரு மில்லிமீட்டர் நூலைப் பார்ப்பதற்குச் சமம். நூலும் கரியைப் போல இருண்டது. பூமியின் காற்றசைவில் அன்றைய எந்தத் தொலைநோக்கியும் அதைத் தனித்துக் காட்டியிருக்காது. ஆனால் நூலுக்குப் பின்னால் ஒரு விளக்கு இருந்து, நூல் அதைக் கடந்தால் விளக்கு ஒரு கணம் அணையும். இல்லாமற்போன ஒளியை அளந்து இருக்கும் பொருளை அறிந்தார்கள். அளவைவாதி தன் பட்டியலில் இன்மைக்கு ஓர் இடம் வைத்தது எனக்கு அங்கேதான் நினைவுக்கு வரும்.

கருதல் தவறவும் செய்யும். 1972 ஜூன் 7ஆம் தேதி வியாழனின் நிலவான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்தபோது இந்தோனேசியாவின் லெம்பாங்கிலிருந்தும் காவலூரிலிருந்தும் பார்த்தார்கள். கானிமீடில் காற்று இருக்கிறது என்று முடிவு செய்தார்கள். 1979இல் அருகே பறந்த வாயேஜர் விண்கலம், அங்கே காற்று இருந்தாலும் அவர்கள் சொன்னதைவிட மிக மிக மெலிதாகத்தான் இருக்க முடியும் என்று காட்டியது. 1990களில் ஹபிள் தொலைநோக்கி அங்கே ஆக்சிஜனின் மெல்லிய தடயத்தைக் கண்டது. ஒரு விண்மீன் சில நொடி மறைந்ததைப் பற்றிய பேச்சு இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறது.

பாப்பு 1982இல் காலமானார், 55 வயதில். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6ஆம் தேதி காவலூரில் திறக்கப்பட்டு அவர் பெயரைத் தாங்கியது. அதே மாதம் 24ஆம் தேதி வாயேஜர் 2 யுரேனஸைக் கடந்தது. ஒன்பது ஆண்டுகள் பெரும்பாலும் கருத்தளவையிலேயே இருந்த வளையங்கள் அருகிலிருந்து எடுத்த படங்களில் விரிந்தன.

அந்தப் படங்கள் ஏற்கெனவே எழுந்திருந்த ஒரு கேள்விக்கும் வெளிச்சம் தந்தன. சிறு துகள்கள் ஒன்றோடொன்று மோதிச் சிதறிப் பரவியிருக்க வேண்டும். வளையம் எப்படி இவ்வளவு ஒடுங்கி நிற்கிறது? ஆட்டுமந்தையை இருபுறமும் நின்று மடக்கும் மேய்ப்பர்களைப் போல இரு நிலவுகள் தம் ஈர்ப்பால் துகள்களை ஒடுக்குகின்றன என்று கோல்ட்ரைக்கும் டிரிமைனும் 1979இலேயே சொல்லியிருந்தார்கள். எப்சிலான் வளையத்தின் இருபுறமும் கார்டீலியா, ஒபீலியா என்ற இரு நிலவுகளை வாயேஜர் கண்டது. மற்ற வளையங்களில் பலவற்றுக்கு அப்படிப்பட்ட மேய்ப்பர் ஜோடி இன்னும் தென்படவில்லை. 2025 ஆகஸ்டில், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களில் யுரேனஸின் வளையங்களை அடுத்து, சுமார் 10 கி.மீ. அளவே உள்ள இன்னொரு நிலவு இருப்பதாக அறிவித்தார்கள்.

காவலூர் மலையில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை வானாய்வகத்துக்குள் விடுகிறார்கள். இருட்டியதும் சிறு தொலைநோக்கியின் முன் வரிசை நிற்கும். பார்த்துவிட்டு இறங்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: அது அங்கே இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?