முகமூடி கழற்றிய தலைமுறை

புது தில்லி: தலைநகரில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கைகளும் முதன்முறையாகப் பேரணி நடத்தியது 2008-ம் ஆண்டு ஜூன் 29-ம் தேதி. பாரகம்பா சாலையிலிருந்து ஜந்தர் மந்தர் நோக்கி நடந்தவர்களில் பலர் முகமூடி அணிந்திருந்தனர். இன்று அதே நகரில் இளைஞர்கள் பலர் தங்கள் அடையாளத்தை வெளிப்படையாகவே கூறுகின்றனர். மூத்த தலைமுறையில் அக்குரல் அரிதாகவே கேட்கிறது.

இளைய தலைமுறையில்தான் இத்தகையோர் பெருகிவிட்டனரா என்ற கேள்விக்கு, சட்டத்தின் வரலாற்றைப் புரட்டினால் விடை கிடைக்கும்.

ஆங்கிலேயர் 1860-ல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, தன்பாலினத்தவர் உறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க இடமளித்தது. எனவே 1990-ல் 20 வயதில் இருந்தவர் உண்மையைச் சொல்வது, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதற்குச் சமமாக இருந்தது. வீட்டார் பார்த்த வரனை மணந்து வாய் மூடி வாழ்ந்தவர்கள் பலர்.

எண்ணிக்கையே எதிரி: இந்த மௌனமே பின்னர் அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. நீதிபதிகள் ஏ.பி. ஷா, எஸ். முரளிதர் அடங்கிய தில்லி உயர் நீதிமன்ற அமர்வு 2009-ல் வழங்கிய விடுதலையை, 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இவர்கள் மிகச் சிறு பகுதியினர் என்பதும், 150 ஆண்டுகளில் 200-க்கும் குறைவானோர் மீதே வழக்கு நடந்துள்ளது என்பதும் அத்தீர்ப்பில் இடம்பெற்றன. 2015 டிசம்பரில் சசி தரூர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை அறிமுகம் செய்யக்கூட மக்களவை அனுமதிக்கவில்லை. எதிராக 71 வாக்குகள்; ஆதரவாக 24.

2018 செப்டம்பர் 6-ம் தேதி நிலைமை மாறியது. வயது வந்தோரின் இசைவான உறவு குற்றமல்ல என ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மனுதாரர்களில் ஐ.ஐ.டி.க்களின் இன்னாள், முன்னாள் மாணவர்கள் 20 பேரும் இருந்தனர். 2000-ல் பிறந்தவர் 18 வயதை எட்டிய ஆண்டும் அதுவே. பெற்றோரின் இளமையை வாட்டிய அச்சத்தின் பெரும்பகுதி பிள்ளைகளுக்கு இல்லை.

சொல்லும் கிடைத்தது: தன்னைக் கூறிக்கொள்ள மதிப்பான சொல்லும் தேவை. சென்னை உயர் நீதிமன்றத்தின் முயற்சியால், தமிழக அரசு 2022-ல் இதற்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. கைபேசி வழியே, தன்னைப் போன்றோர் உண்டு என்பதைச் சிற்றூர் இளைஞரும் அறிகிறார்.

ஆயினும் பாதை பாதியிலேயே நிற்கிறது. தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க 2023 அக்டோபரில் மறுத்த உச்ச நீதிமன்றம், அது நாடாளுமன்றத்தின் பொறுப்பு என்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘பிறர்’ என்ற பாலினப் பிரிவில் 4.88 லட்சம் பேர் பதிவாயினர். தன்பாலீர்ப்பாளர்கள் எத்தனை பேர் என்று எவரும் கேட்கவில்லை.

சிறு எண்ணிக்கை என்று ஒருமுறை ஒதுக்கப்பட்டவர்கள் இப்போது பெயர் சொல்லி முன்வருகின்றனர். ஆனால் அவர்கள் தட்ட வேண்டிய கதவு, 24 பேர் மட்டுமே ஆதரவளித்த அதே அவையின் கதவுதான்.